சாட்ஸ்வொர்த் வீட்டில் டிஎஸ்டிவி தமிழ் பேக்: போடலாமா, வேண்டாமா?

டர்பனுக்குப் புதிதாக வருகிற தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் முதலில் வாடகையைப் பற்றிக் கேட்பார்கள், பிறகு பள்ளிக்கூடம், பிறகு இட்லி அரிசி எங்கே நன்றாக இருக்கும் என்று. அதற்கு அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "டீச்சர், இங்கே தமிழ் டிவிக்கு என்ன வழி?" சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறவர்கள் வாசலில் நின்றே கேட்டுவிடுவார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே தடவை விரிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், பகலில் தனியாக இருப்பார்கள், பிள்ளைகள் காதிலும் கொஞ்சம் தமிழ் விழட்டும் என்று நினைக்கிறீர்கள் என்றால், தயங்காமல் டிஎஸ்டிவி என்கிற கட்டணச் செயற்கைக்கோள் டிவியின் டிஷ் போட்டு, அதில் தமிழ் பேக் என்று நாங்கள் சொல்கிற தென்னிந்திய பேக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி இரண்டே பேர், இருவருக்கும் வேலை, வீட்டில் ஃபைபர் இணையம் இருக்கிறது என்றால் டிஷ் தேவையில்லை. காரணங்களை இனிச் சொல்கிறேன்.

நான் கும்பகோணம் பக்கத்துப் பெண். வாழ்க்கைப்பட்டு வந்தது டர்பனில் இந்தியர்கள் அதிகம் இருக்கிற சாட்ஸ்வொர்த், யூனிட் 3. பங்களாதேஷ் மார்க்கெட்டில் கீரையும் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு நடந்தே வீடு வந்துவிடலாம். கணவர் குடும்பம் நான்கு தலைமுறைக்கு மேல் டர்பன் இருக்கிற நேட்டால் பகுதியில் இருக்கிறவர்கள். மாமியார் பிறந்தது மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. கணவரின் தம்பிக்குத் தொழிலே டிஷ் மாட்டுவது. ஆக, இந்தச் சேவையை டிவிக்கு முன்னாலும் பார்த்திருக்கிறேன், கூரைக்கு மேலேயும் பார்த்திருக்கிறேன்.

இந்த நிறுவனம் எப்படி வந்தது, எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொண்டால்தான் இன்றைக்கு நாம் கொடுக்கிற பணம் எதற்கு என்று புரியும். அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

தென்னாப்பிரிக்காவுக்கு டிவி வந்ததே 1976 ஜனவரியில்தான். இவ்வளவு பணக்கார நாட்டில் அத்தனை தாமதத்துக்குக் காரணம் அரசாங்கம். அறுபதுகளில் தபால் தந்தி அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஹெர்ட்சாக் டிவியைச் சாத்தானின் பெட்டி என்று சொல்லி உள்ளே விடாமல் வைத்திருந்தார். வந்த பிறகும் அரசு ஒலிபரப்பான எஸ்ஏபிசியில் ஆங்கிலமும் ஆப்ரிகான்ஸும்தான். 1860இலிருந்து 1911 வரை 1,52,184 பேரைக் கப்பலில் ஏற்றிக் கரும்பு வெட்ட இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். முதல் கப்பலான ட்ரூரோ புறப்பட்டதே சென்னையிலிருந்துதான். அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டியில் தம் மொழி ஒரு வார்த்தை கேட்கக் கிடைக்கவில்லை. 1983இல் ரேடியோ லோட்டஸ் வந்தபோது இந்தியக் குடும்பங்கள் அதை அப்படிப் பிடித்துக்கொண்டது இதனால்தான். இன்றைக்கும் லோட்டஸ் எஃப்எம் என்ற பெயரில் ஓடுகிறது. எங்கள் வீட்டுச் சமையலறையில் காலையில் முதலில் எழுந்திருப்பது அதுதான்.

சினிமாவும் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. நிறவெறியை எதிர்த்து இந்தியா 1946இலேயே தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்திவிட்டது. அது திரும்பத் தொடங்கியது 1993இல். இடைப்பட்ட காலத்தில் கிரே ஸ்ட்ரீட் பக்கம் அவலான், ஷாஜஹான் போன்ற தியேட்டர்களில் இந்தியப் படம் ஓடியது, பிறகு வீடியோ கேசட் வந்தது. ஒரு கேசட் தெரு முழுக்கச் சுற்றி, கடைசி வீட்டுக்குப் போகும்போது படத்தில் பாதி மழையாகத்தான் தெரியும் என்று மாமியார் சொல்வார்.

இதற்கிடையில்தான் எம்-நெட். 1978இல் எஸ்ஏபிசி விளம்பரம் போடத் தொடங்கியதும் செய்தித்தாள்களின் வருமானம் குறைந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கூஸ் பெக்கர் என்ற இளைஞர், அமெரிக்காவில் எச்பிஓ என்ற கட்டணச் சேனல் நடக்கிற விதத்தைப் பார்த்து, இதையே நம் நாட்டில் செய்யலாம் என்று நாஸ்பர்ஸ் பத்திரிகை நிறுவனத்திடம் போனார். மற்ற பத்திரிகைக் குழுமங்களும் சேர்ந்துகொள்ள, 1986 அக்டோபரில் எம்-நெட் ஒளிபரப்பு தொடங்கியது. டிகோடர் இருந்தால் படம், இல்லாவிட்டால் கோடு கோடாகக் கலங்கல். ஆனால் சாயங்காலம் கொஞ்ச நேரம் டிகோடர் இல்லாதவர்களுக்கும் திறந்து விடுவார்கள். சாட்ஸ்வொர்த்தில் அந்த நேரத்துக்குப் பிள்ளைகள் தெருவில் இருக்க மாட்டார்கள் என்று கணவர் சொல்லியிருக்கிறார். சிறிய சமூகங்களுக்கு என்று எம்-நெட் ஒதுக்கிய நேரத்தில் இந்தியர்களுக்கு ஈஸ்ட்-நெட் வந்தது. டிவியில் இந்திய நிகழ்ச்சிக்கு இங்கே முதன்முதலாகப் பணம் கட்டிய குடும்பங்கள் அப்போதிருந்தே இருக்கின்றன.

நாஸ்பர்ஸைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ஆப்ரிகான்ஸ் பேசுகிற வெள்ளையர்களான ஆப்ரிகானர்களின் தேசியத்துக்காகவே 1915இல் தொடங்கிய பத்திரிகை நிறுவனம் அது. எங்கள் குடும்பங்களை நகரத்திலிருந்து பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்ட சட்டத்தை எழுதிய கட்சிக்குத் தோள் கொடுத்த பத்திரிகைகள் அதனுடையவை. நூறாவது ஆண்டான 2015இல் அதன் மீடியா24 பிரிவு இதற்காக மன்னிப்புக் கேட்டது. கேட்டது நல்லது. மாமனார் மட்டும் உயிரோடு இருந்து அதைக் கேட்டிருக்க வேண்டும்.

சரி, டிஷ்ஷுக்கு வருவோம். சந்தாதாரர்களைக் கவனிக்கிற வேலையை 1993இல் எம்-நெட்டிலிருந்து பிரித்து மல்டிசாய்ஸ் என்று தனி நிறுவனமாக்கினார்கள். அந்த மல்டிசாய்ஸ் 1995 அக்டோபரில் டிஎஸ்டிவியைத் தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே டிஜிட்டல் முறையில் செயற்கைக்கோள் டிவி கொடுத்த முதல் சில நிறுவனங்களில் அதுவும் ஒன்று. எல்லா இனத்தவரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, ரக்பி உலகக் கோப்பையை அந்த வருஷம்தான் ஜெயித்திருந்தார்கள், நாடே திறந்துகொண்ட நேரம். பழைய முறையில் ஒரு அலைவரிசையில் ஒரு சேனல்தான் போகும். டிஜிட்டலில் அதே இடத்தில் பல சேனல்களை நெருக்கி அடைத்துவிடலாம். சின்னச் சமூகங்களுக்குத் தனிச் சேனல் கொடுப்பது கட்டுப்படியானது இதனால்தான். ஒரு வாரத்துக்குச் சில மணி நேரம் என்றிருந்த இந்திய நிகழ்ச்சி, இருபத்து நாலு மணி நேரமாக மாறியது.

நிறுவனத்தை வளர்த்தது என்னவோ விளையாட்டுதான். சூப்பர்ஸ்போர்ட் என்ற அதன் விளையாட்டுச் சேனல்கள் இல்லாமல் டிஎஸ்டிவி இல்லை. இந்தியா இங்கே முதன்முதலாக டெஸ்ட் ஆடியது 1992 நவம்பரில், எங்கள் கிங்ஸ்மீட் மைதானத்தில். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கணவரின் சித்தப்பாவை நிறுத்த முடியாது. கிரிக்கெட்டுக்காக டிஷ் போட்ட வீடுகளில் பிறகு பெண்கள் தமிழ் பேக் கேட்டார்கள். சாட்ஸ்வொர்த்திலும் டர்பனின் இன்னொரு இந்தியப் பகுதியான ஃபீனிக்ஸிலும் தமிழ் பேக் பரவிய விதம் இதுதான் என்பது கொழுந்தனாரின் கணக்கு. அவர் எத்தனையோ வீட்டுக் கூரை ஏறியவர், நான் நம்புகிறேன்.

இப்போது கூரை. டிஎஸ்டிவி செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்கு 68.5 பாகையில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. இப்போது இருப்பவை இன்டெல்சாட் 20, இன்டெல்சாட் 36 என்ற இரண்டும். டர்பனிலிருந்து பார்த்தால் வடகிழக்கு, அதாவது இந்துமகா சமுத்திரத்தின் பக்கம். அதனால் உங்கள் வீட்டுக்கு வடகிழக்கில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பக்கத்து வீட்டு மாமரம் இன்றைக்குச் சின்னதாக இருக்கும், மூன்று வருஷத்தில் இலை டிஷ்ஷுக்கு நேராக வந்து நிற்கும். எங்கள் தெருவில் பாதிச் சிக்னல் தகராறு மரத்தகராறுதான்.

அடுத்தது உப்புக் காற்று. ஜோகன்னஸ்பர்க்கில் எத்தனையோ வருஷம் அசையாமல் நிற்கிற டிஷ், இங்கே சீக்கிரமே போல்ட் துருப்பிடித்து ஆட ஆரம்பிக்கும். டிஷ் ஒரு விரல் அளவு நகர்ந்தாலும் போதும், சிக்னல் போய்விடும். அப்புறம் குரங்கு. சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூரையிலிருந்து மரத்துக்குத் தாவும்போது அவற்றுக்கு டிஷ்ஷின் கைதான் ஊஞ்சல்.

எங்கள் வீட்டில் முதலில் டிஷ் மாட்டியது கொழுந்தனார் இல்லை. அவர் அப்போது கேப்டவுனில் இருந்தார். டவுனில் ஒரு கடை அனுப்பிய ஆள் வந்து, அவசர அவசரமாக மாட்டிவிட்டுப் போனார். முதல் மழை வரைக்கும் படம் கண்ணாடி மாதிரி. மழைக்குப் பிறகு தினமும் திரையில் ஈ48-32 என்று எழுத்து. சிக்னல் வரவில்லை என்பதற்கான குறி அது. கடைக்கு ஃபோன் செய்தால், மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். கொழுந்தனார் ஊர் திரும்பியதும் ஏணி போட்டு ஏறினார். நானும் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

எல்என்பி என்று டிஷ்ஷின் முன்னால் கை நீட்டி நிற்கிறதே, அதன் அடியில் கேபிள் சேருகிற கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. நடுவில் இருக்கிற செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. "பாருங்க அண்ணி, ரப்பர் டேப் சுத்தவே இல்ல. கேபிளையும் நேரா இறக்கிட்டான், தண்ணி அப்படியே வழிஞ்சு வந்து கனெக்டர்ல நிக்குது" என்றார். கெட்டுப்போன நீளத்தை வெட்டி எறிந்து, புது கனெக்டர் போட்டு, தானே ஒட்டிக்கொள்கிற கறுப்பு ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினார். கேபிளைக் கனெக்டருக்கு முன்னால் ஒரு வளையமாகத் தொங்கவிட்டார். மழைத்தண்ணீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்கு ஏறாது. பிறகு டிகோடரில் சிக்னல் பக்கத்தைத் திறந்து வைத்து, உள்ளேயிருந்து என் மகன் எண்களைக் கத்த, இவர் மேலே டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி இறுக்கினார். வலிமை என்று ஒரு எண், தரம் என்று ஒரு எண் வரும். தரம்தான் முக்கியம் என்பது அவர் சொன்ன பாடம்.

ஆகவே, இன்ஸ்டாலர் வந்தால் பக்கத்தில் நில்லுங்கள். கனெக்டருக்கு டேப் சுற்றினாரா, கேபிளுக்கு வளையம் விட்டாரா, போல்ட் கால்வனைஸ் செய்ததா என்று பாருங்கள். நல்ல இன்ஸ்டாலர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இவ்வளவு செய்தாலும் பெருமழையில் படம் நிற்கும். இந்தச் சேவை வருகிற அலைவரிசையை அடர்ந்த மழைத்துளிகள் உறிஞ்சிவிடும், அது இயற்கை. டர்பனில் கோடை மழை சாயங்காலம்தான் வரும், தொடர்களும் சாயங்காலம்தான். கால் மணி நேரம் பொறுத்தால் தானாக வந்துவிடும். அதற்குள் டிகோடரை அணைத்துப் போட்டு, கேபிளைப் பிடுங்கிச் செருகி, அமைப்புகளை மாற்றி வைத்துவிடாதீர்கள். ஈ16-4 என்று வந்தால் அது வேறு, சந்தா பற்றிய சங்கதி. பணம் கட்டியிருந்தும் அப்படி வந்தால் டிகோடரைப் போட்டபடியே வைத்துக்கொண்டு, ஃபோனில் அவர்களுடைய செயலியிலோ வாட்ஸாப்பிலோ பிழையை நீக்கச் சொல்லலாம். எனக்கு அது சில நிமிஷத்தில் சரியாகிவிடுகிறது.

டிகோடரில் எக்ஸ்ப்ளோரா வாங்குங்கள். 2013இல் வந்தது, பிறகு புதுப் பதிப்புகளும் வந்திருக்கின்றன. பதிவு செய்து வைத்துக்கொள்ளும் வசதிதான் காரணம். ஒரு தொடரை ஒரு தடவை குறித்துவிட்டால் தினமும் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். மாமியாருக்கு டாக்டரிடம் போகிற நாள், கோயில் நாள், புரட்டாசிச் சனிக்கிழமை பூஜை நாள் எதுவாக இருந்தாலும் ஒரு பகுதிகூட விட்டுப்போகாது. சென்னையில் இரவு ஒன்பது என்றால் இங்கே மாலை ஐந்தரை என்கிற நேரக் குழப்பத்தையும் அது தீர்த்துவிடுகிறது. மின்வெட்டு மோசமாக இருந்த 2022, 2023இல் நாங்கள் ஒரு சின்ன இன்வெர்ட்டர் வாங்கி டிவியையும் டிகோடரையும் அதில் மாட்டினோம். ஃப்ரிட்ஜைவிட மாமியாருக்கு அது முக்கியமாக இருந்தது.

என்ன பார்க்கிறோம்? சன் டிவி, கே டிவி, ஸ்டார் விஜய். வீட்டில் அதிகம் ஓடுவது சன்.

சன் டிவியின் கதையும் ஏறக்குறைய டிஎஸ்டிவி வயதுதான். கலாநிதி மாறன் 1990இல் 'பூமாலை' என்று மாதாமாதம் வீடியோ கேசட்டில் செய்தி இதழ் ஒன்று நடத்தினார். பிறகு 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று, சன் டிவி தொடங்கியது. முதலில் நாளைக்குச் சில மணி நேரம்தான். எங்கள் ஊரில் அப்போது கேபிள்காரர் தெருவுக்குத் தெரு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். தூர்தர்ஷனில் தமிழுக்கு ஒதுக்கிய நேரத்துக்காகக் காத்திருந்த நாங்கள், தமிழிலேயே ஒரு முழுச் சேனல் என்றதும் வாய் பிளந்து பார்த்தோம். பிறகு கன்னடம், தெலுங்கு, மலையாளம் என்று வரிசையாகச் சேனல்கள், 2001இல் படங்களுக்கு என்று கே டிவி, 2006இல் பங்குச் சந்தை. அந்த நிறுவனம் இன்று இந்த நாட்டில் ஒரு கிரிக்கெட் அணிக்கே சொந்தக்காரர். எஸ்ஏ20 என்ற இந்த நாட்டு இருபது ஓவர் போட்டியில் ஆடுகிற சன்ரைசர்ஸ் ஈஸ்டர்ன் கேப் அவர்களுடையது. 2023, 2024 இரண்டு வருஷமும் கோப்பை வாங்கினார்கள். அந்த ஆட்டங்களைச் சூப்பர்ஸ்போர்ட்டில் பார்த்தபோது, மாமியார் தொடர் பார்க்கிற கம்பெனியும் பேரன் கிரிக்கெட் பார்க்கிற கம்பெனியும் ஒன்றே என்று சொன்னேன். இருவருமே நம்பவில்லை.

தொடர்களின் தரத்தைப் பற்றி நான் பெரிதாகப் பேசப் போவதில்லை. அழுகை அதிகம், சதி அதிகம், நகை அதிகம். எனக்குப் பிடித்தது காலை பக்தி நிகழ்ச்சிகளும், ஞாயிற்றுக்கிழமைப் பட்டிமன்ற வகைப் பேச்சும், கே டிவியில் வருகிற பழைய படங்களும். ஆனால் இந்த வீட்டில் அந்தத் தொடர்கள் செய்கிற வேலை வேறு.

சாயங்காலம் நாலரைக்குப் பேரன் பள்ளியிலிருந்து வந்து, ரொட்டியில் ஏதாவது வைத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் உட்காருவான். அவனுக்குத் தமிழ் பாதி புரியும். பாட்டி திரையைப் பார்த்துப் பேசுவார், "இன்னாத்துக்கு இப்டி அழுவுறே, எழுந்து போயேன் உன் அம்மா வூட்டுக்கு!" பேரன், "அவ என்ன சொன்னா பாட்டி?" என்பான். பாட்டி ஆங்கிலத்தில் பாதியும் தமிழில் பாதியுமாக விளக்குவார். நாத்தனார் என்றால் யார், ஓரகத்தி என்றால் யார், சீர் என்றால் என்ன, ஆடி மாதத்தில் புதுப்பெண்ணை ஏன் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள், எல்லாம் அந்தச் சோபாவில்தான் அவன் கற்றுக்கொண்டது. என் வகுப்பில் உறவுமுறைப் பாடம் வரும்போது பிள்ளைகளில் யார் வீட்டில் பாட்டியும் டிஷ்ஷும் இருக்கின்றன என்று எனக்கு உடனே தெரிந்துவிடும். புத்தகத்தில் நான் ஒரு மாதம் எடுத்துச் சொல்வதை அவர்கள் முன்பே தெரிந்துகொண்டு வருகிறார்கள். பணத்தைப் பற்றிப் பேசும்போது இதைக் கணக்கில் வையுங்கள்.

பணம் அதிகம்தான். தமிழ் பேக்குக்குத் தனிக்காசு. கிரிக்கெட்டும் வேண்டும் என்றால் மேலே உள்ள பேக்கேஜ்களுக்கு ஏறவேண்டும். எல்லாவற்றிலும் பெரிய பிரீமியம் மாதம் ஆயிரம் ராண்டை நெருங்கிவிட்டது. ஓய்வூதியத்தில் இருக்கிற குடும்பத்துக்கு இது பெரிய தொகை. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. 2006இல் மல்டிசாய்ஸ் தன் தென்னாப்பிரிக்க வணிகத்தில் ஒரு பங்கை, நிறவெறியில் ஒதுக்கப்பட்டிருந்த மக்களுக்கு மட்டும் என்று புத்துமா நாத்தி என்ற திட்டத்தில் விற்றது. ஒரு பங்கு 10 ராண்ட். இந்திய வம்சாவளியினரும் வாங்கலாம். மாமனார் தபால் அலுவலக வரிசையில் நிற்கிற பொறுமைசாலி, படிவம் நிரப்பிக் கொஞ்சம் வாங்கிப் போட்டார். பல வருஷம் அந்த டிவிடெண்ட் பணத்தில்தான் சந்தா கட்டினோம். மாத டிவிச் செலவு என்று மட்டும் பார்த்தவர்கள் நடுவில் அவர் அதன் சொந்தக்காரர்களில் ஒருவராக இருந்தார்.

மலிவான வழிகளும் இருக்கின்றன. 2013இல் வந்த ஓப்பன்வியூவுக்கு மாதச் சந்தா கிடையாது, டிகோடரும் டிஷ்ஷும் வாங்கினால் போதும். அதில் க்ளோ டிவி என்று இந்திய நிகழ்ச்சிகளுக்கான சேனல் இருக்கிறது. ஆனால் தமிழ் வேண்டும் என்கிறவர்களுக்கு அது போதாது. ஃபைபர் இருந்தால் 2017இல் தொடங்கிய சன் நெக்ஸ்ட் செயலி நல்லது. விரும்பிய நேரத்தில் விரும்பிய பகுதி, மழைக் கவலை இல்லை. இளம் குடும்பங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். மாமியாருக்கு ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தோம். எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்கு வரிசை வரிசையாகப் படம் காட்டி எதை அழுத்துவது என்று கேட்கிற செயலி எப்படிச் சரிவரும்? டிஷ்ஷில் அவருக்கு ஒரு சேனல் எண் தெரியும், அழுத்துவார், தமிழ் வரும். மார்க்கெட்டில் சிலர் கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்து உலகச் சேனல் எல்லாம் இலவசம் என்பார்கள். அது திருட்டு ஒளிபரப்பு. இன்றைக்கு வரும், நாளைக்கு நிற்கும், கொடுத்தவரும் ஃபோன் எடுக்க மாட்டார். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இந்த மாற்றமெல்லாம் நிறுவனத்தையும் ஆட்டித்தான் விட்டிருக்கிறது. 2019இல் மல்டிசாய்ஸ் நாஸ்பர்ஸிடமிருந்து பிரிந்து ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தையில் தனியாக நின்றது. இணையத்தில் பார்க்கிற பழக்கமும் விலைவாசியும் சேர்ந்து, 2025 மார்ச்சோடு முடிந்த இரண்டு நிதியாண்டுகளில் ஆப்பிரிக்கா முழுக்க 28 லட்சம் சந்தாதாரர்கள் போய்விட்டார்கள். மிச்சம் சுமார் 1.45 கோடி. பிரான்ஸின் கெனால் பிளஸ் நிறுவனம் பல வருஷமாகப் பங்கு சேர்த்துக்கொண்டே வந்து, ஒரு பங்குக்கு 125 ராண்ட் கொடுத்து, 2025 செப்டம்பரில் மொத்தமாகக் கையில் எடுத்துக்கொண்டது. செய்தித்தாள்காரர்கள் தொடங்கியது இப்போது பாரிஸ் கையில். புதியவர்கள் செலவைக் குறைக்கப் பார்ப்பார்கள் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் ஒரே பயம், பார்வையாளர் குறைவு என்று தமிழ்ச் சேனல்களில் கை வைத்துவிடக் கூடாது.

இத்தனை வருஷம் பார்த்தவள் என்ற உரிமையில் குறைகளையும் சொல்கிறேன். முதலாவது, தொடர்களுக்கு ஆங்கில வசனவரி வேண்டும். இங்கே ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற தமிழர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் முழுதாகப் புரியாது. இந்த நாட்டு அரசியலமைப்பே போற்றி மதிக்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழின் பெயரைச் சொல்கிறது. கீழே ஒரு வரி ஓடினால், பாட்டி இல்லாத வீட்டிலும் பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். மூன்று தமிழ்ச் சேனலிலும் சென்னை இருக்கிறது, மதுரை இருக்கிறது, சிங்கப்பூரில் எடுத்த நட்சத்திர இரவுகூட இருக்கிறது. நாங்கள் இல்லை. தைப்பூசத்துக்கும் சித்திரைப் பருவத்துக்கும் டர்பனில் எடுக்கிற காவடியைப் பாருங்கள். புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் இசிபிங்கோவிலும் மாரியம்மன் கோயில்களில் சேருகிற கூட்டத்தைப் பாருங்கள். சிக்ஸ்-ஃபூட் டான்ஸ் என்று இங்கே எல்லோரும் சொல்கிற தெருக்கூத்தை, வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர்களின் பேரன்கள் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமலே பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு விடிய விடிய ஆடுகிறார்கள். கும்பகோணத்தில் பிறந்த நான் அப்படி ஒரு கூத்தை முழு இரவு உட்கார்ந்து பார்த்தது இங்கே வந்த பிறகுதான். அதை ஒரு கேமரா வைத்து எடுத்து, தென்னிந்திய பேக்கில் வருஷத்துக்கு ஒரு இரவு போட என்ன செலவாகிவிடும்? ரக்பிக்கு இருபது கேமரா வைக்கிற நிறுவனத்திடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

பேக் போடுகிறவர்கள் சந்தாதாரர் கருத்துக் கேட்டு வருகிற செய்தியை அழித்துவிடாமல் இந்த இரண்டையும் எழுதி அனுப்புங்கள். நான் ஒவ்வொரு முறையும் அனுப்புகிறேன். ஃப்ளாட்டில் இருக்கிறவர்கள் டிஷ் வாங்குவதற்கு முன் கட்டட நிர்வாகத்திடம் பொது டிஷ் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் சுவரில் தனி டிஷ் மாட்ட விடமாட்டார்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் தனி வீடு என்றால், மழைக்காலம் தொடங்குவதற்கு முன், செப்டம்பருக்குள் மாட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு நல்ல இன்ஸ்டாலர்கள் கையில் கிடைக்க மாட்டார்கள்.